நவாயியின் வழக்கும் நம் விருப்பங்களும்

அரபி மூலம், துருக்கி கலை, பாரசீகம் சர்க்கரை என்றொரு பழைய வழக்கு பாரசீக உலகில் உண்டு. அதன் உறவினர்கள் நம் மேடைகளிலும் உலவுகின்றனர். அரபி கம்பீரமானது, பாரசீகம் இனியது, உருது நாகரிகமானது என்று அடுக்கும் பேச்சாளர்கள், தமிழுக்கு வரும்போது அது நம் தாய்மொழி என்று கூறி முடித்துக்கொள்கின்றனர். ஏனைய மொழிகளுக்குப் பண்பு சொல்லப்படுகிறது, தமிழுக்கு உறவு மட்டுமே சொல்லப்படுகிறது. இந்த வேறுபாட்டை நாம் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறோம். இப்புகழுரைகளில் நமக்கு ஏற்படும் குறை, அவை மிகையானவை என்பதன்று. எந்த மொழியைப் பற்றியும் அவை எதையும் சொல்வதில்லை என்பதே. இனிமை என்பது எங்கே இருக்கிறது? ஒலியிலா, சொல்லாக்கத்திலா, வினைமுற்றிலா, அல்லது அம்மொழியைப் பேசிய பேரரசின் நினைவிலா? இவ்வினாவை எழுப்பாதவரை, மொழி விருப்பம் என்பது அதிகாரத்தின் மீதுள்ள விருப்பத்துக்கு மற்றொரு பெயராகவே நின்றுவிடும்.

இது புதிய சிக்கலன்று. கிரேக்க மருத்துவர் காலென், கிரேக்கமே மொழிகளில் சிறந்தது என்றும், பிற மொழிகள் நாயின் குரைப்பையும் தவளையின் கத்தலையும் ஒத்தவை என்றும் கருதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம் (994–1064) இக்கூற்றை எடுத்துக்கொண்டு, தமது அல்-இஹ்காம் நூலில் கடுமையாக மறுத்தார். தனக்குத் தெரியாத எம்மொழியைக் கேட்பவனுக்கும் அது அப்படித்தான் ஒலிக்கும், காலெனின் கிரேக்கத்தைப் பிறர் கேட்டாலும் அதே கதிதான் என்பது அவர் வாதம். அத்துடன் அவர் நிற்கவில்லை. அரபியே ஏனைய மொழிகளினும் சிறந்தது, ஏனெனில் அல்லாஹ்வின் வேதம் அதில் இறங்கியது என்போரையும் அதே தராசில் நிறுத்தினார். ஒவ்வொரு தூதரும் தம் மக்களின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்று அல்-குர்ஆன் (14:4) கூறுவதையும், கேட்போர் உணர்வு பெறும்பொருட்டே அது நபிகளாரின் நாவில் எளிதாக்கப்பட்டது என்ற கருத்துடைய வசனத்தையும் (44:58) அவர் சான்றாகக் காட்டினார். வேதம் அரபியில் வந்தமைக்குக் காரணம் விளங்குதல், மொழியின் உயர்வு அன்று என்பதே அவர் முடிவு.

இதைச் சொன்னவர் அரபியின் பகைவர் அல்லர். அம்மொழியின் மிகச் சிறந்த உரைநடையாளர்களில் ஒருவர், காதல் பற்றி அதில் எழுதப்பட்ட நூல்களில் தலையாயதான ‘தவ்குல் ஹமாமா’வின் ஆசிரியர். ஆனால் நம்மிடையே பரவிய செய்தி வேறு. அரபிகளை மூன்று காரணங்களுக்காக நேசிக்க வேண்டும், அவற்றுள் ஒன்று சுவர்க்கவாசிகளின் பேச்சு அரபி என்பது, என்ற அறிவிப்பை நபிமொழியாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஹதீஸ் ஆய்வாளர்கள் இதைக் கடுமையாக விமர்சித்துள்ளனர். இப்னுல் ஜவ்ஸி இதனை இட்டுக்கட்டப்பட்ட செய்திகளின் தொகுப்பிலேயே சேர்த்தார். இமாம் ஷாஃபிஈ தமது ரிஸாலாவில் ஒவ்வொரு முஸ்லிமும் இயன்ற அளவு அரபி கற்க வேண்டும் என வலியுறுத்தியது உண்மை. எனினும் அவர் பேசுவது வணக்கத்தின் கடமையைப் பற்றி. கடமையை இனிமையாகவும், இனிமையை மேன்மையாகவும் மாற்றிக்கொண்டது பிற்காலத்தின் வேலை.

மொழிகளை ஒப்பிட்டுத் தீர்ப்பு வழங்குவதையே நோக்கமாகக் கொண்ட நூல் ஒன்று நம் மரபில் உண்டு. ஹெராத் நகரில் சுல்தான் ஹுஸைன் பைகராவின் அவையில் வாழ்ந்த அலீ ஷேர் நவாயீ 1499-இல் எழுதி முடித்த ‘முஹாகமத்துல் லுகதைன்’ அது. இரு மொழிகளின் வழக்கு விசாரணை என்பது தலைப்பின் பொருள். வழக்காடும் மொழிகள் துருக்கியும் பாரசீகமும். நீதிபதியாக அமர்ந்திருப்பவர் துருக்கியின் தலைமைக் கவிஞர் என்பதால் தீர்ப்பு எப்பக்கம் சாயும் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் அவர் எதிர்த்தரப்பை அறியாதவர் அல்லர். ‘ஃபானீ’ என்ற புனைபெயரில் பாரசீகத்தில் ஒரு தீவானே பாடியவர், ஜாமீயின் அணுக்க நண்பர். தம் காலத்துத் துருக்கிய இளைஞர்கள் தாய்மொழியை விட்டுப் பாரசீகத்தில் கவிபாட விரைவதைக் கண்டு எழுந்த சினமே நூலின் உந்துதல். நம் ஊர்களில் இதைப் புரிந்துகொள்ள விளக்கவுரை எதுவும் தேவைப்படாது.

நூலில் நம்மைக் கவர்வது அவருடைய முறை. துருக்கி வீரமானது, இனியது என்றெல்லாம் பாடிவிட்டுப் போகாமல் அவர் சொற்களை எடுத்து வைக்கிறார். பாரசீகத்தில் தனிச்சொல் இல்லாத நூறு துருக்கி வினைகளைப் பட்டியலிடுகிறார். கிண்ணத்தில் உள்ளதை அடிவரை ஒரேயடியாகக் குடித்துத் தீர்ப்பதற்கு ஒரு வினை, சிறிது சிறிதாகச் சுவைத்துக் குடிப்பதற்கு மற்றொன்று. அழுகைக்கு மட்டும் பல வினைகள்: அடக்கி அழுவது ஒன்று, முனகி அழுவது வேறு, உரத்துக் கதறுவது வேறு. பாரசீகர்கள் மூத்தவனையும் இளையவனையும் ‘பிராதர்’ என்ற ஒரே சொல்லால் அழைக்கின்றனர், துருக்கியரோ இருவருக்கும் தனித்தனிப் பெயர் வைத்துள்ளனர் என்றும் சுட்டுகிறார்.

தமிழ் வாசகர் இவ்விடத்தில் புன்னகை செய்யக்கூடும். அண்ணனும் தம்பியும், அக்காளும் தங்கையும் நமக்கு வேறு வேறு. விம்மலும் விசும்பலும் தேம்பலும் கதறலும் ஒன்றல்ல. குடித்தல், அருந்துதல், பருகுதல், மாந்துதல், உறிஞ்சுதல் ஆகியவற்றை நம்மால் இடமறிந்து பிரித்தாள முடியும். நவாயீ தமிழறிந்திருந்தால் வழக்கில் மூன்றாம் தரப்பு ஒன்று சேர்ந்திருக்கும். ஆனால் அவர் முறையின் பலவீனமும் இங்கேயே தெரிகிறது. உள்ளிருந்து அறிந்த எம்மொழியிலும் இத்தகைய நூறு சொற்களை எவரும் திரட்டிவிடலாம். எதிர்மொழியில் அதே இடத்தை நிரப்பும் வேறு கருவி என்ன என்று தேடுவதற்கு நீதிபதிக்கு மனமிருப்பதில்லை. பாரசீகத்துக்கு அக்கருவி உண்டு. அதன் தனிவினைகள் குறைவு. பெயர்ச்சொல்லுடன் ஓர் எளிய வினையைச் சேர்த்து அது எண்ணற்ற கூட்டுவினைகளைப் படைத்துக்கொள்கிறது. ‘உண்ணுதல்’ என்ற வினையை வைத்தே அது கவலையை உண்கிறது, சத்தியத்தை உண்கிறது, தரையை உண்கிறது. அதாவது வருந்துகிறது, சூளுரைக்கிறது, தடுக்கி விழுகிறது. பாரசீகன் அடியையும் உண்பான். உதை தின்பவர்களை நாமும் அறிவோம். நவாயீ குறையெனக் கண்ட சொல்வறுமைதான் பாரசீகக் கவிஞனுக்குக் கைவந்த நெகிழ்ச்சி.

பாரசீகத்தின் மீது நமக்குள்ள விருப்பத்துக்குச் சர்க்கரை காரணம் அன்று. அதன் மூன்றாம் நிலைச் சுட்டுப்பெயர்தான் காரணம். ‘ஊ’ என்ற ஒரே எழுத்து ஆணுக்கும் உரியது, பெண்ணுக்கும் உரியது. பெயர்களுக்கும் பால் இல்லை, வினைகளும் பால் காட்டுவதில்லை. ஹாபிஸின் ஒரு கஸல் முழுவதையும் படித்து முடித்த பின்னும், பேசப்படுவது ஒரு பெண்ணா, ஆடவனா, பரிசளித்த மன்னனா, படைத்த இறைவனா என்பது திறந்தே கிடக்கும். இதைக் கவிஞனின் தந்திரம் என்று மட்டும் கொள்வது சரியன்று. மொழியே அவனுக்கு அக்கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மனிதக் காதலிலிருந்து இறைக்காதலுக்கு ஏறிச் செல்லும் படிகளைப் பற்றி ஸூஃபிகள் நூல் நூலாக எழுதினர். பாரசீக இலக்கணம் அப்படிகளுக்கிடையே சுவர் எழுப்பவில்லை.

ஆகவே ஹாபிஸைத் தமிழில் பெயர்ப்பவர் முதல் அடியிலேயே இடறுகிறார். ‘அவன்’ என்றால் ஒரு வாசல் மூடுகிறது, ‘அவள்’ என்றால் மற்றொன்று. ‘அவர்’ எனில் பால் மறையும், கூடவே நெருக்கமும் மறையும். பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிப் பேசுவது போலாகிவிடும். நாம் கண்ட தமிழாக்கங்களில் ‘அவள்’ என்று துணிந்தவை ஹாபிஸை மதுக்கடைக் கவிஞராக்கின. ‘அவன்’ என்று எழுதி இறைவனைக் கருதியவை அவரை உபதேசியாராக்கின. இரண்டும் பாதி ஹாபிஸ். இதற்கொரு வழி நம் இலக்கணத்திலேயே உண்டு. தமிழின் முன்னிலை பால் காட்டாது. ‘வந்தாய்’ என்பது யாருக்கும் பொருந்தும். குணங்குடி மஸ்தான் சாகிபு மனோன்மணி எனப் பெண்ணாக விளித்துப் பாடியபோதும், ரகுமான் கண்ணியில் இறைவனை நேரே அழைத்தபோதும், முன்னிலையின் இவ்வுரிமையைத் தாராளமாகக் கையாண்டார். ‘அவர்’ என்பதையெல்லாம் ‘நீ’ என மாற்றிவிட்டால் ஹாபிஸின் ஐயம் தமிழில் பிழைக்கும். ஆனால் விலை ஒன்று உண்டு. அவருடைய கஸல்களில் காதலுக்குரியவர் பலவேளை அங்கே இல்லாதவர். படர்க்கையில் பேசப்படுவதே பிரிவின் அடையாளம். முன்னிலையாக்கினால் வராதவர் வந்துவிட்டது போலாகிறது. இவ்விரண்டில் எதை இழப்பது என்பதைக் கவிதைதோறும் தனியே முடிவு செய்ய வேண்டும் என்பது நம் கருத்து.

சர்க்கரை உவமைக்குச் சரியான பதிலைப் பாரசீகரே எழுதிவிட்டார். முஹம்மத் அலீ ஜமால்ஸாதா 1921-இல் பெர்லினில் வெளியிட்ட கதைத்தொகுதியின் முதற்கதைக்குத் தலைப்பே ‘பாரசீகம் சர்க்கரை’ என்பது. அன்ஸலீ துறைமுகத்தில் ஒரு சிறையறை. அதில் அரபுச் சொற்களால் மட்டுமே பேசும் ஷெய்கு ஒருவர், பிரெஞ்சுச் சொற்களை வாரியிறைக்கும் நாகரிக இளைஞர் ஒருவர். ரமளான் என்னும் எளிய ஆள் உள்ளே தள்ளப்படுகிறான். தன்னை ஏன் அடைத்தார்கள் என்று அவன் இருவரிடமும் கேட்கிறான். இருவரும் பாரசீகத்தில்தான் பதிலளிக்கின்றனர், அவனுக்கோ ஒரு சொல்லும் விளங்கவில்லை. இவர்களை ஜின் பிடித்திருக்கிறது என்றே அஞ்சுகிறான். கதைசொல்லி சாதாரணப் பாரசீகத்தில் வாய் திறந்ததும் அவன் நெகிழ்ந்து போகிறான். மொழி இனிக்கும் இடம் எது என்பதற்கு இதனினும் நேரான விடையை நாம் வேறெங்கும் படித்ததில்லை. நம் வெள்ளிமேடைகளின் எதிரே ரமளான்கள் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்கலாம். தமிழகத்து மதரஸாக்கள் சிலவற்றில் நெடுங்காலம் உருதுவே பாடமொழியாக இருந்தது. அங்குப் பயின்ற ஆலிம்கள் சிலருக்குத் தமிழில் மார்க்கம் பேசுவது கற்றுத்தேற வேண்டிய தனிக்கலையாயிற்று. உருதுவின் மீது குறையில்லை. அதைக் கேட்போரின் தலைக்கு மேலே பறக்கவிட்டவர்கள்தாம் அதற்குக் குறை செய்தனர்.

அரபியைப் பற்றி அதன் புனிதத்தை ஒதுக்கிவைத்துப் பேச முடியுமா என்று கேட்பார்கள். முடியும். பஸராவின் கலீல் இப்னு அஹ்மத் அதைத்தான் செய்தார். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் அவர் முதல் அரபி அகராதியைத் திட்டமிட்டபோது அலிஃப், பே என்ற வரிசையைக் கைவிட்டார். தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் ஐன் எழுத்தில் தொடங்கி உதடுவரை ஒலிகள் பிறக்கும் இடத்தின் முறைப்படி சொற்களை அடுக்கினார். அகராதிக்கே ‘கிதாபுல் ஐன்’ என்று பெயராயிற்று. தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் படித்தவருக்கு இம்முயற்சி அந்நியமாகத் தோன்றாது. அவருடைய மாணவர் ஸீபவைஹி ஒரு பாரசீகர். அரபி இலக்கணத்தின் முதற்பெருநூலை எழுதியவர் அரபியைக் கற்றுக்கொண்ட ஒருவர் என்பது நோக்கத்தக்கது. தாய்மொழியாளன் கேள்வியின்றிக் கடந்துபோகும் இடங்களில் கற்றவன்தான் நின்று ஏன் என்று கேட்கிறான்.

அவ்வாறு கேட்டால் அரபியில் காண்பது வேர்களின் கணிதம். காஃப், தே, பே என்ற மூன்று மெய்கள். உயிர்கள் இடம் மாற மாற எழுதியவன் காதிப், எழுதப்பட்டது மக்தூப், எழுதுமிடம் மக்தப், நூல் கிதாப். தமிழ் பகுதியின் பின்னே விகுதிகளைக் கோத்துக்கொண்டே போகிறது. அரபியோ வேரின் உள்ளே புகுந்து அதைத் திறக்கிறது. ஓதற்பள்ளியில் சிறுவயதில் உருவிட்ட சொற்கள் எல்லாம் ஒருநாள் வேர் வேராகப் பிரிந்து தெரியும் அனுபவம், அரபியைத் தாமதமாகக் கற்றவர்களுக்குக் கிடைக்கும் பேறு. அதுவரை ஒலியாக இருந்தது அன்று மொழியாகிறது.

இந்தக் ‘கிதாப்’ கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் இறங்கியபோது நிகழ்ந்தது மொழிவரலாற்றின் சுவையான செய்திகளுள் ஒன்று. ஸ்வாஹிலி என்ற பெயரே கடற்கரைகள் என்னும் அரபிச் சொல்லிலிருந்து வந்தது. அதன் சொற்களில் கணிசமானவை அரபி. ஆனால் இலக்கணம் பாந்து இனத்து மொழிகளுக்குரியது. பாந்து மொழிகள் பெயர்களை வகுப்புகளாகப் பிரித்துச் சொல்லின் முன்னே அடையாளம் வைக்கின்றன. ‘கி’ என்று தொடங்கும் ஒரு வகுப்பு பன்மையில் ‘வி’ ஆகும். கரைவாழ் மக்கள் கிதாபு என்ற சொல்லைக் கேட்டனர். முதலெழுத்து ‘கி’ அல்லவா? ஒன்று கிதாபு எனில் பல ‘விதாபு’ என்றனர். அரபியின் வேரெழுத்தான காஃப் அங்கே வெறும் முன்னொட்டாகிக் கழன்றுவிட்டது. அரபி இலக்கண ஆசிரியர் இதைக் கேட்டால் தலையில் கைவைத்துக் கொள்வார். நமக்கோ இது ஒரு மொழியின் தன்னம்பிக்கை. புனித மொழியிலிருந்து வந்த சொல், அதிலும் நூலைக் குறிக்கும் சொல், அதையும் தன் வீட்டு ஒழுங்குக்குள் அது அமர்த்திக்கொண்டது. சாலைச் சந்தி வட்டத்துக்கு ஆங்கிலேயர் எழுதி வைத்த ‘கீப் லெஃப்ட்’ என்ற பலகையும் பின்னர் ‘கிபிலெஃப்தி’ ஆகி, பன்மையில் ‘விபிலெஃப்தி’ ஆயிற்று. பேதம் பார்க்காத மொழி.

இத்தனைக்கும் ஸ்வாஹிலி நூற்றாண்டுகளாக அரபி எழுத்தில் எழுதப்பட்ட மொழி. தம்பூக்கா பற்றிய காவியத்தின் கைப்படி 1728-ஆம் ஆண்டுக்குரியது. முவானா குபோனா என்னும் பெண்மணி 1858-இல் தம் மகளுக்கு அறிவுரையாகப் பாடிய நெடும்பாட்டு இன்றும் பேசப்படுகிறது. நேரத்தைச் சொல்வதிலும் இம்மொழி நமக்கு உறவு. சூரிய உதயத்திலிருந்து மணி எண்ணுவதால் நம் காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோர் அங்குச் சென்றால் தடுமாறியிருக்க மாட்டார்கள்.

துருக்கியில் நாம் விரும்புவது ஒரே ஒரு விகுதி. கண்ணால் கண்ட இறந்தகாலத்துக்கு ‘தி’, காணாமல் கேட்டறிந்ததற்கோ தடயத்தால் ஊகித்ததற்கோ ‘மிஷ்’. ‘கெல்தி’ என்றால் வந்தான், நான் கண்டேன். ‘கெல்மிஷ்’ என்றால் வந்தானாம், அல்லது வந்திருக்கிறான் போலும். ‘ஆம்’ என்ற நம் விகுதி கேட்டறிந்ததை மட்டும் சொல்லும். ஈரத்தரையைப் பார்த்து மழை பெய்திருக்கிறது என்று நாம் ஊகிப்பதையும் சேர்த்து மிஷ் ஒரே அசையில் சுமக்கிறது. கதைகளும் அதிலேதான் தொடங்கும். ஒரு நகரில் ஒரு ராஜா இருந்தானாம் என்பதைப் போல. ஒர்ஹான் பாமுக் தம் இஸ்தான்புல் நினைவுநூலில், தன் குழந்தைப் பருவத்தைப் பிறர் சொல்லி அறிவதும் இவ்விகுதியில்தான் என்று சுட்டிக்காட்டுகிறார். அறிவிப்பாளர் வரிசையைச் சல்லடையிட்டுச் சலித்த ஹதீஸ் கலையை உருவாக்கிய நாகரிகத்துக்கு, கண்டதையும் கேட்டதையும் வினைச்சொல்லிலேயே பிரிக்கும் மொழி ஒன்று வாய்த்தது பொருத்தமே.

அம்மொழிக்கு நேர்ந்தது என்ன என்பதும் தெரிந்ததே. 1928 நவம்பர் 1-ஆம் நாள் எழுத்து மாற்றச் சட்டம் நிறைவேறியது. 1932-இல் தொடங்கிய மொழிச்சங்கம் அரபி, பாரசீகச் சொற்களைக் களையத் தலைப்பட்டது. 1927-இல் முஸ்தஃபா கமால் ஆறு நாள் நிகழ்த்திய புகழ்பெற்ற உரையை, சில பத்தாண்டுகளிலேயே அவர் நாட்டு மக்களுக்கு இக்காலத் துருக்கியில் பெயர்த்துத் தர வேண்டியதாயிற்று. ஜெஃப்ரி லூயிஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் இச்சீர்திருத்தத்தின் வரலாற்றை எழுதி, பேரழிவான வெற்றி என்று அதற்குப் பெயரிட்டார். அதே 1928-இல் மொம்பாஸாவில் கூடிய காலனிய அதிகாரிகளின் மாநாடு ஸான்ஸிபார் வழக்கை ஸ்வாஹிலியின் பொதுவழக்காகத் தேர்ந்தது. அது வளர்ந்தது இலத்தீன் எழுத்தில். அதே ஆண்டு அக்டோபர் 28-இல் பத்தாவியாவில் கூடிய இளைஞர்கள், எண்ணிக்கையில் மிகப்பெரிய ஜாவா மொழியை விட்டு, துறைமுகங்களின் பொதுமொழியாகிய மலாயை இந்தோனேசியாவின் ஒற்றுமை மொழியாக ஏற்றனர். ஜாவா மொழியில் யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்துச் சொற்களே மாறும். மலாயில் அத்தகைய படிநிலைகள் அத்தனை இல்லை. பெரும்பான்மையினர் தம் மொழியை முன்னிறுத்தாமல் விட்ட அச்செயலை நாம் வியப்புடனேயே நோக்குகிறோம்.

அரபி எழுத்துக்குள் தங்கள் மொழியைக் குடியமர்த்திய மக்கள் யாவரும் ஒரே வகையில்தான் செய்தனர். பாரசீகர் நான்கு எழுத்துகளைக் கூட்டினர். மலாயர் ஜாவியில் தமக்கு வேண்டிய ஒலிகளுக்குப் புள்ளியிட்டனர். நம் முன்னோரும் தமிழ் ஒலிகளுக்குக் குறிகளைச் சேர்த்து அரபுத்தமிழை அமைத்தனர். கீழக்கரையின் இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) ஃபிக்ஹுச் சட்டங்களை ‘ஃபத்ஹுத் தய்யான்’ என்ற நூலில் அரபுத்தமிழில்தான் எழுதினார். அரபி நன்கறிந்த ஒருவர், அரபியிலேயே எழுதியிருக்கக்கூடியவர். தைக்கா ஷுஐபு ஆலிம் 1993-இல் வெளியிட்ட ஆய்வுநூல் இம்மரபின் பரப்பை விரிவாகக் காட்டியது. அதன்பின் அதைப் பற்றிப் பெருமை பேசுவோர் பெருகினர், படிப்போர் பெருகியதாகத் தெரியவில்லை. எழுத்தைக் காட்சிப்பேழையில் வைத்துப் போற்றுவதைவிட, அதில் எழுதப்பட்ட தமிழ் எத்தகையது என்று ஆராய்வது நமக்கு முக்கியமாகப் படுகிறது. ஸலாத்துக்குப் பாரசீகர் நமாஸ் என்ற தம் சொல்லை வைத்தனர், மலாயர் ஸெம்பஹ்யாங் என்றனர், நாம் தொழுகை என்றோம். ஸவ்முக்கு நோன்பு. மார்க்கத்தின் நடுத்தூண்களுக்கே தன் சொந்தச் சொல்லைத் தந்த மொழியைத் தாய்மொழி என்பதோடு நிறுத்திக்கொள்வது எப்படி நியாயமாகும்?

மலாய்க்கும் நமக்கும் சொல்லுறவு பழையது. அங்குள்ள கெடாய் நம் கடை, காத்தில் நம் கட்டில், காப்பல் நம் கப்பல், ஆப்பம் அங்கும் ஆப்பம், லெபாய் என்று மார்க்கம் கற்றவரை அழைப்பது நம் லெப்பை. எனினும் இவை சந்தை உறவுகள். இதனினும் நுட்பமானது, இரு மொழிகளும் தனித்தனியே, ஒன்றிலிருந்து ஒன்று பெறாமல், ‘நான்’ என்பதன் பன்மையை இரண்டாகப் பிரித்திருப்பது. கேட்பவரையும் உளப்படுத்தினால் மலாயில் ‘கித’, தமிழில் நாம். அவரை விலக்கினால் ‘கமி’, நாங்கள். அரபியில் இவ்வேறுபாடு இல்லை. பாரசீகத்திலும் துருக்கியிலும் இல்லை. இவ்விதழின் பக்கங்களில் நாம் என்று எழுதிப் பழகிவிட்ட நமக்கும், அதனுள் வாசகரை இழுத்து வைத்துக்கொள்ளும் உரிமை யார் கொடுத்தது என்ற ஐயம் சில வேளை எழுவதுண்டு.

இவ்வேறுபாட்டின் பயன் துஆவில் தெரிகிறது. ‘ரப்பனா’ என்பதை இந்தோனேசியர் கமியைக் கொண்டே பெயர்ப்பர், தமிழர் ‘எங்கள்’ என்போம். அழைக்கப்படும் இறைவன் அந்தப் பன்மைக்குள் அடங்கான். அரபி சூழலுக்கு விட்டுவிடும் ஒன்றை இவ்விரு மொழிகளும் சொல்லியே தீர வேண்டும். ஆயினும் வேதத்தில் இறைவன் தன்னைப் பன்மையில் கூறும் இடங்களில் இருமொழிகளும் பிரிகின்றன. இந்தோனேசியர் அங்கும் கமி என்கின்றனர், நாம் ‘நாம்’ என்று பெயர்க்கிறோம். தமிழில் அது மன்னர்களின் தன்மைப் பன்மையாகவும் வழங்கியதே காரணம்.

நம்மை மிகவும் சிந்திக்க வைத்த இடம் ஆல இம்ரானின் 64-ஆம் வசனம். வேதம் கொடுக்கப்பட்டோரைப் பொதுவான ஒரு சொல்லுக்கு அழைக்கும் வசனம் அது. முதலில் இரு தரப்பும் தனித்தனியே நிற்கின்றன: பேசுவோர் ஒருபுறம், கேட்போர் மறுபுறம். உடனே, அல்லாஹ்வையன்றி வேறெவரையும் வணங்காதிருப்போம் என்ற பொருள்பட வரும் வினையில் இருதரப்பும் ஒன்றாகின்றன. அரபியில் இரண்டு இடத்திலும் தன்மைப் பன்மை ஒன்றே. இந்தோனேசியப் பெயர்ப்பு கமியில் தொடங்கிக் கிதவுக்கு மாறுகிறது. தமிழில் ‘எங்களுக்கும் உங்களுக்கும்’ என்று தொடங்கி, பின் ‘நாம்’ என்று திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில்தான் வசனத்தின் அழைப்பே இருக்கிறது. ‘நமக்கும் உங்களுக்கும்’ என்று தொடங்கும் பெயர்ப்புகள் முதல் இடத்திலேயே எதிரிலிருப்பவரை உள்ளே சேர்த்து, அடுத்த சொல்லிலேயே வெளியே நிறுத்துகின்றன. அதன்பின் வரும் ‘நாம்’ எங்கிருந்து எங்கே வந்தது என்று வாசகருக்குத் தெரிவதில்லை. மறுபதிப்புக்கு ஆயத்தமாகும் தர்ஜமாக்கள் இந்த ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ளலாம்.